தாபரிப்புக் காசை நிப்பாட்ட ஏலுமா?

அக்காமார், அண்ணாமார், கோட்டு விசயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்கோ.

எனக்கு ஏழு வயசில ஒரு மகள். விவாகரத்து ஆனாப்பிறகு நீதவான் கோட்டில தாபரிப்புக் கட்டளை (பிள்ளையின்ர செலவுக்கு மாசாமாசம் காசு கட்டச் சொல்லுற கட்டளை) எடுத்தனான், மகளின்ர அப்பா மாசாமாசம் கட்டிக்கொண்டு வந்தார். இப்ப நான் மறுமணம் முடிச்சு, கொழும்பு கொட்டாஞ்சேனையில இப்பத்தைய கணவரின்ர அம்மா, தம்பி குடும்பத்தோட இருக்கிறன். அதைக் கேள்விப்பட்ட நாளிலயிருந்து மகளின்ர அப்பாட்டயிருந்து வோய்ஸ் மெசேஜ்தான்: "அந்த வீட்டில மூண்டு பேர் உழைக்கினம், இனி நான் ஏன் தரோணும்?" போன மாசக் காசு வரேல்ல. ஸ்கூல் வான் காசு கேட்டு ட்ரைவர் அண்ணா வாசலில நிக்கிறார். மாமி தன்ர பென்ஷனில எடுத்துக் குடுத்தா. எனக்குக் கூச்சமாப் போச்சு.

1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தில, பிள்ளையைப் பாக்கிற பொறுப்பு பெத்தவைக்குத்தான் எண்டு இருக்கு. நிலைமை மாறினா தொகையை மாத்தச் சொல்லி அவர் கோட்டில கேக்கலாம், ஆனா தன்ர பாட்டில நிப்பாட்ட ஏலாது. இவ்வளவும் வாசிச்சுப் பாத்தனான்.

கேள்வி இதுதான்: அவர் குறைக்கச் சொல்லிக் கேட்டா, என்ர கணவர், மாமி, கொழுந்தனாரின்ர வருமானத்தையும் கணக்கில எடுப்பினமோ? நிலுவைக்கு, அவரின்ர சம்பளத்திலயே வெட்டி அனுப்பக் கட்டளை எடுத்த ஆக்கள் இருக்கிறியளா? புதுக்கடையில சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போறதெண்டா என்னென்ன பேப்பர் கொண்டுபோகோணும்?

"காசை விட்டிட்டு நிம்மதியா இரு" எண்டு சொல்ல வாறவை தயவுசெய்து வேண்டாம். அது மகளின்ர காசு.