30, 45, 58 வயது: ஒரே தவணைக்கு எந்த வீடு?

நிலைவாசல் கேட்டது:

மாதம் 40,000 தவணை கட்டும் தெம்பு மூன்று பேருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 30 வயது, அடுத்தவருக்கு 45, மூன்றாமவருக்கு 58. மூவரும் சம்பளக்காரர்கள், 60-ல் ஓய்வு. கடன் தருபவர் சொல்லும் உச்சத்தொகையோடு முன்பணத்தைக் கூட்டி, அந்த விலையில் வீடு தேடுவதுதான் பலரும் செய்வது. வயது அந்தத் தொகையை எவ்வளவு வெட்டும்? மிதக்கும் வட்டி (கடன் காலத்தில் ஏறி இறங்கும் வட்டி) ஏறினால் மூவரில் யார் அதிகம் மாட்டுவார்? தனி வீடா அடுக்ககமா, மாடி வைத்ததா தரைத்தளம் மட்டுமா என்பதையும் வயதை வைத்து முடிவு செய்யலாமா, இல்லை அது சும்மா பேச்சா? பொத்தாம்பொதுவான அறிவுரை வேண்டாம், எண்ணோடு சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

8% வட்டி, மாதாமாதம் குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு லட்சம் கடனுக்கு மாதத் தவணை 30 ஆண்டுக்கு 734, 20 ஆண்டுக்கு 836, 15 ஆண்டுக்கு 956, 10 ஆண்டுக்கு 1,213. ஓய்வுக்குள் கடன் முடிய வேண்டும் என்றால் 58 வயதுக்காரருக்கு 2 ஆண்டுதான். அவருக்கு லட்சத்துக்கு 4,523.

40,000-ஐ இவற்றால் வகுத்துப் பாருங்கள். 30 வயதுக்காரருக்கு 54.5 லட்சம், 45-க்கு 41.9 லட்சம், 58-க்கு 8.8 லட்சம். சம்பளம் ஒன்று, தவணை ஒன்று, தொகை மட்டும் ஆறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஆக 58 வயதுக்காரர் வாங்குவது கிட்டத்தட்ட ரொக்க வீடு. அவருடைய தேடல் சேமிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இளையவருக்கு ஒரு எச்சரிக்கை. அவரே 20 ஆண்டுக் கடன் எடுத்தால் 47.8 லட்சம் கிடைக்கும். 30 ஆண்டுக்குப் போவதால் கூடுதலாகக் கைக்கு வருவது 6.7 லட்சம். அதற்காக இன்னும் 10 ஆண்டு, மாதம் 40,000 வீதம், 48 லட்சம் கட்டுகிறார். கூடுதல் படுக்கையறை அந்த 6.7 லட்சத்தில் வருகிறதென்றால், அந்த அறையின் விலை என்ன என்று அவரே முடிவு செய்யட்டும்.

வட்டி ஏற்றம் பலருக்கும் புரியாத இடம். வட்டி ஏறினால் வழக்கமாகத் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடுவார்கள். 8%-ல் எடுத்த 20 ஆண்டுக் கடன், தொடக்கத்திலேயே 9% ஆனால், அதே 836 தவணையில் 304 மாதம் ஓடும். 25 ஆண்டுக்கும் மேல். 10% ஆனால் லட்சத்துக்கு வட்டி மட்டுமே மாதம் 833. தவணை 836. அசலில் கழிவது 3. கணக்குப் போட்டால் 56 ஆண்டு வருகிறது! 30 ஆண்டுக் கடனில் இதைவிட மோசம்: தவணை 734, ஆனால் 9%-ல் வட்டியே 750. ஒரே ஒரு சதவீதம் ஏறியதும் தவணை வட்டிக்குக்கூடப் பற்றாமல் கடன் வளர ஆரம்பிக்கிறது. எனவே நீண்ட கடன்காரருக்குக் காலநீட்டிப்பு என்ற வழியே அடைபட்டுப் போகும், தவணையை 805 ஆக உயர்த்தியே ஆக வேண்டும். 40,000 கட்டுபவர் 43,900 கட்டுவார்.

45 வயதுக்காரரின் 15 ஆண்டுக் கடன் 9%-ல் 206 மாதம்தான் ஆகும். நீளம் குறைவு. ஆனால் அந்த 26 மாதம் ஓய்வுக்குப் பிறகு விழுகிறது, சிக்கல் அங்கே. தவணையை உயர்த்துவதென்றால் 6% உயர்வோடு முடியும். வட்டி மாறியதாகக் கடிதம் வந்த அன்றே, காலம் வேண்டாம், தவணையை உயர்த்துங்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுவது அவருக்கு நல்லது.

பத்துக்குப்பத்து:

கணக்குப்பிள்ளை சார், 48 லட்சம் என்ற எண் கொஞ்சம் பயமுறுத்துகிறது. அது இருபதாவது ஆண்டுக்குப் பிறகு கட்டும் பணம். அன்றைக்கு அதே 40,000-இன் மதிப்பு இன்றைக்கு இருப்பதுபோல இருக்காது. 6.7 லட்சத்துக்கும் அதே 8% வட்டிதான், யாரும் ஏமாற்றவில்லை.

நான் சொல்வது இதுதான்: 30 வயதுக்காரர் தொகையை 20 ஆண்டுக் கணக்கில் முடிவு செய்யட்டும், பத்திரத்தில் காலத்தை 30 ஆண்டாக எழுதட்டும். 47.8 லட்சத்துக்கு 30 ஆண்டுத் தவணை 35,100 வரும். மீதி 4,900-ஐயும் மாதாமாதம் சேர்த்துக் கட்டினால் கடன் அதே 20 ஆண்டில் தீரும், வட்டியும் அதேதான். வேலை போன மாதத்தில் 35,100 கட்டினால் போதும் என்பது லாபம். இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தில் படிக்கணும். கூடுதல் பணம் அசலில் கழிந்து காலம் குறைய வேண்டும். தவணை குறைவதுபோல் போட்டுவிட்டால் பயன் பாதி போயிற்று. தானியங்கி உத்தரவு போடாமல், கையில் மிஞ்சினால் கட்டுகிறேன் என்பவர்களிடம் மிஞ்சவே மிஞ்சாது.

இன்னொன்று, இளையவரின் உண்மையான ஆபத்து வட்டியே இல்லை, இடமாற்றம். 30 ஆண்டுக் கடனில் முதல் 5 ஆண்டில் லட்சத்துக்கு 44,000 கட்டியிருப்பார், அசலில் கழிந்தது 5,000-கூட முழுசா இராது. பத்திரச் செலவு, தரகு, கடன் கட்டணம், திரும்ப விற்கும் செலவு எல்லாம் சேர்ந்து விலையில் 10% என்று வைத்தால், 3 ஆண்டில் விற்பவருக்கு ஆண்டுக்கு 3.3% சுமை, 10 ஆண்டு இருப்பவருக்கு 1%. வேலை ஊர் மாறும் என்று தோன்றினால் எளிதில் வாடகைக்குப் போகிற, எளிதில் விற்கிற சின்ன வீடே சரி. அழகான தனி வீடு காத்திருக்கட்டும்.

கொத்துக்கரண்டி:

வீட்டின் வகை பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான்.

30 வயதில் அறைகளை எண்ணாதீர்கள். இருக்கிற அறையைப் பின்னால் பிரிக்க முடியுமா என்று பாருங்கள். இரண்டு பக்கச் சுவரிலும் ஜன்னல் உள்ள பெரிய அறையை நடுவில் தடுப்பு வைத்து இரண்டாக்கலாம். ஒரே ஜன்னல் என்றால் ஒரு பாதி இருட்டறை. தனி வீடு கட்டுபவர் மேல்தளத்தைப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்றால் அஸ்திவாரத்தையும் தூணையும் முதல் நாளே அந்தச் சுமைக்குக் கணக்கிட்டுப் போட வேண்டும், வரைபடத்தில் எழுதி வாங்க வேண்டும். மொட்டைமாடியில் நீட்டி விட்ட கம்பி சில மழைக்காலத்தில் துருப்பிடித்து இளைத்துவிடும். சிமெண்ட் பால் பூசி, மெலிந்த கலவைக் கான்கிரீட்டில் மூடி வைக்கவும். பிளாஸ்டிக் பையைக் கட்டி வைப்பதில் பயனில்லை, உள்ளே ஈரம் நின்று துருவை வேகப்படுத்தும்.

45 வயதுக்காரர் இந்த வீட்டில்தான் 75-ம் ஆவார். மாடி வைத்ததாக இருந்தாலும் தரைத்தளத்தில் ஒரு படுக்கையறையும் குளியலறையும் கட்டாயம். அந்தக் குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது தள்ளுகதவு. உள்ளே ஒருவர் விழுந்தால் அவர் உடம்பே உள்திறப்புக் கதவுக்கு அடைப்பாகிவிடும், உதவிக்கு வருபவர் தள்ள முடியாது. கதவைத் திறந்து வைத்தபின் கிடைக்கும் வழி 800 மி.மீ. வேண்டும். 750 நிலை வைத்தால் சட்டமும் கதவுத் தடிமனும் தின்றது போக 650 சொச்சம்தான் மிஞ்சும், சக்கர நாற்காலி நுழையாது. 900 நிலையே வையுங்கள். உள்ளே நாற்காலி திரும்ப 1,500 மி.மீ. விட்டம் வெற்றுத்தரை தேவை.

கைப்பிடிக் கம்பி இப்போது வேண்டாமென்றாலும் சுவரை இப்போதே தயார் செய்யலாம். வெற்றிடக் கல் சுவரில் பின்னால் துளையிட்டுப் போடும் போல்ட், ஆள் பாரம் விழும்போது கல்லோடு பிய்ந்து வரும். கழிப்பிடத்தின் பக்கச் சுவரில் 700 முதல் 900 மி.மீ. உயரம் வரை அந்தக் கற்களின் ஓட்டையைக் கான்கிரீட்டால் நிரப்பிவிட்டு, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் அளவுநாடாவோடு படம் எடுத்து வையுங்கள். கட்டும்போது அரை நாள் வேலை. பின்னால் செய்தால் டைல்ஸ் உடைத்து, தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று தேடி, பெரிய வேலையாகிவிடும்.

58-க்கு முதல் கேள்வி, தெருவிலிருந்து கட்டில் வரை எத்தனை படி? தரைமட்டம் 450 மி.மீ. உயர்ந்திருந்தால், 12-க்கு 1 சரிவில் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வரும், அதற்கு மேல் இரண்டு முனையிலும் திரும்ப 1.5 மீட்டர். வீட்டு முன்னால் 3 மீட்டர்தான் காலி என்றால் நேராகப் போட முடியாது, நடுவில் தளம் வைத்து மடக்க வேண்டும். இடமில்லை என்று செங்குத்தாகப் போட்ட சாய்தளத்தில் நாற்காலியைத் தள்ளுபவரால் பிடித்து நிறுத்த முடியாமல் பின்னோக்கி உருளும். படியைவிட ஆபத்து அது.

நிலைவாசல்:

நன்றி. கொத்துக்கரண்டி அண்ணா, அடுக்ககத்தில் லிஃப்ட் இருந்தால் இந்தப் படிக்கணக்கெல்லாம் தேவையா? அப்புறம் 58 வயதுக்காரருக்குப் பழைய அடுக்ககம் மலிவாகக் கிடைக்கிறது, மகனை இணைக் கடனாளராகச் சேர்த்தால் பெரிய வீடே வாங்கலாம் என்கிறார்கள். சரிதானா?

ஓட்டுக்கூரை:

மகன் விஷயத்தை முதலில் பார்ப்போம். அவர் வயதை வைத்து 25 ஆண்டு தருவார்கள், தொகை 51.8 லட்சம் வரை ஏறும். ஆனால் அந்த 40,000 மகனின் பெயரிலும் கடமையாக நிற்கும். நாளை அவர் தன் வீட்டுக்குக் கடன் கேட்கும்போது அவர் கட்டக்கூடிய தவணையிலிருந்து இதே 40,000 கழியும். இணைக் கடனாளர் என்பதால் மட்டும் அவர் பங்குதாரர் ஆகிவிட மாட்டார். பத்திரத்தில் பெயர் இருக்கிறதா, எத்தனை பங்கு என்பது தனி. கடன் மட்டும் பெயரில், வீடு பெயரில் இல்லை என்ற நிலையில்தான் உடன்பிறப்புகளுக்குள் சண்டை ஆரம்பிக்கும்.

பழைய கட்டடம் மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மொட்டைமாடி நீர்த்தடுப்பு 7 முதல் 10 ஆண்டு, வெளிச்சுவர்ப் பெயிண்ட் 5 முதல் 7, லிஃப்ட் 20 முதல் 25, மின்கம்பிகள் 25 முதல் 30 ஆண்டு. 15 ஆண்டுக் கட்டடத்தை 58-ல் வாங்குபவருக்கு லிஃப்ட் மாற்றும் பங்கு 63-லிருந்து 68-க்குள் எப்போது வேண்டுமானாலும் வரும், சம்பளம் நின்றபின். கட்டட மதிப்பில் ஆண்டுக்கு 1% பராமரிப்புக்கு ஒதுக்குவது நடைமுறை விதி. அது சராசரி மட்டுமே, செலவோ ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாகத்தான் வரும். சங்கத்திடம் கேட்க வேண்டியது: பொது நிதியில் இருப்பு எவ்வளவு, கடைசியாக நீர்த்தடுப்பு எந்த ஆண்டு, பாக்கிதாரர் எத்தனை பேர், பெரிய செலவு வந்தால் பரப்பளவுப்படி பிரிப்பார்களா, வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகவா. கணக்குப் புத்தகத்தைக் காட்டத் தயங்குகிற சங்கமென்றால் நான் மேலே பேசமாட்டேன்.

சேமிப்பு முழுவதையும் பெரிய வீட்டில் போடுவது பற்றி: பொருளியலாளர் பிராங்கோ மொதிக்லியானிக்கு 1985-இல் நோபல் பெற்றுத் தந்த ஆய்வுகளில் ஒன்று, உழைக்கும் வயதில் சேர்ப்பதை முதுமையில் எடுத்துச் செலவழிப்பார்கள் என்பது. வீட்டில் அது சிக்கும். பணம் தேவைப்படும்போது ஒரு படுக்கையறையை மட்டும் விற்க முடியாதே. ரிவர்ஸ் மார்ட்கேஜ் (குடியிருக்கும் வீட்டையே ஈடுவைத்து முதியவர் வாங்கும் கடன்) கிடைக்கும் இடத்திலும், அதில் கடன் தவணையில்லாமல் கூட்டு வட்டியில் வளரும். 8%-ல் 9 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பு: 60-ல் வாங்கிய 10 லட்சம் 69-ல் 20, 78-ல் 40. கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம், திட்டமாக வேண்டாம். சின்ன வீடு, மிச்சம் ரொக்கம் என்பதே என் கட்சி.

கொத்துக்கரண்டி:

லிஃப்ட் இருக்கிறது என்ற பேச்சை நம்பாதீர்கள், போய்ப் பாருங்கள். வாகன நிறுத்தத்திலிருந்து லிஃப்ட் வாசலுக்கே மூன்று படி ஏற வேண்டிய கட்டடங்கள் உண்டு. மாடிப்படியின் இடைத்தளத்தில் நிற்கும் லிஃப்டும் உண்டு, இறங்கினாலும் அரை மாடி நடை. உட்புறம் 1,100-க்கு 1,400 மி.மீ. இருந்தால்தான் நாற்காலியும் தள்ளுபவரும் சேர்ந்து நுழைய முடியும். மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுகிறதா, விளக்கு மட்டுமா என்றும் கேளுங்கள்.

லிஃப்ட் பழுதாகும் நாளில் படிதான். உயரம் 150 முதல் 170, மிதி அகலம் 280 முதல் 300 மி.மீ. இருந்தால் வயதானவருக்குத் தோது. இரண்டு பக்கமும் கைப்பிடி. வெளிச்சத்தையும் மாலையில் போய்ப் பாருங்கள்: 60 வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் 20 வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். டேப் எடுத்துப் போனால் ஒவ்வொரு வரிசையிலும் முதல் படியையும் கடைசிப் படியையும் கட்டாயம் அளக்கவும். படி வார்த்தபின் தரையில் டைல்ஸ் ஏறுவதால் அந்த இரண்டின் உயரம்தான் மற்றவற்றோடு ஒத்துப்போகாது. கால் தடுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.