வரிச்சலுகையில் போட்டி போடுவதை ஆசியான் நாடுகள் நிறுத்தவே முடியாதா?

ஜொகூர்வாசி:
2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து எங்கள் பக்கம் இதே பேச்சுதான். மலேசியாவில் கம்பெனி வரி 24%, ஆனால் மண்டலத்துக்குள் தகுதி பெற்றவர்களுக்கு 15 வருஷம் வரை வெறும் 5%. சிங்கப்பூரில் 17, வியட்நாமிலும் தாய்லாந்திலும் 20, இந்தோனேசியாவில் 22. ஒருவர் இறக்கினால் பக்கத்து நாடும் இறக்குகிறது, பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டிய காசு குறைகிறது. 2010-இல் ஆசியானின் பழைய ஆறு நாடுகளும் தங்களுக்குள் சுங்கவரியை ஏறக்குறைய பூஜ்யமாக்கினவே, இதில் மட்டும் ஏன் கூடிப் பேச மாட்டேன் என்கிறார்கள்?

பினாங்கு கணக்கர்:
தம்பி, நான் 20 வருஷம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்தவன். புது லைன் போடும் பேச்சு வந்தாலே தலைமையகத்திலிருந்து எக்செல் தாள் ஒன்று வரும், ஒரு பக்கம் நாம், மறுபக்கம் வியட்நாம். அங்கே 4 வருஷம் முழு விலக்கு, அடுத்த 9 வருஷம் பாதி வரி. இங்கே அப்போது பயனியர் அந்தஸ்து என்ற சலுகை, 5 வருஷத்துக்கு வருமானத்தில் 70% விலக்கு. ஆனால் கூட்டத்தில் மணிக்கணக்காகப் பேசுவது மின்சாரம், விமானச் சரக்கு, டெக்னீசியன் கிடைப்பாரா என்பதைப் பற்றித்தான், வரி கடைசி அஞ்சு நிமிஷம். இருந்தாலும் சலுகைக்கு மனு போடாமல் விட்டதில்லை. அந்த மனுக்களை எழுதியவன் நான், இன்றும் அது மனசை உறுத்துகிறது.

வரிமாணவி:
ஐரோப்பிய ஒன்றியம் 1997-இலேயே ஒரு நடத்தை விதி போட்டது: புதிதாகத் தீங்கான சலுகை கொண்டுவரக் கூடாது, பழையதை எடுத்துவிட வேண்டும். சட்டக் கட்டாயம் கிடையாது, சக நாடுகள் கேள்வி கேட்கும், அவ்வளவுதான். 1999-இல் 66 சலுகைகளைத் தீங்கானவை என்று பட்டியலே போட்டார்கள். ஆனால் அயர்லாந்து என்ன செய்தது தெரியுமா? உற்பத்திக்குக் கொடுத்த 10% தனிச்சலுகையைக் கைவிட ஒத்துக்கொண்டு, 2003-இல் எல்லாக் கம்பெனிகளின் வியாபார லாபத்துக்கும் 12.5% ஆக்கிவிட்டது. அதனால் அடிமட்ட விகிதம் என்று ஒன்றைப் பேசாமல் சலுகையை மட்டும் பேசினால் பாதி வேலைதான்.

கடல்காற்று:
அந்த அடிமட்டம் இப்போது வெளியிலிருந்து வந்திருக்கிறதே, 15% உலகக் குறைந்தபட்ச வரி. உலகளாவிய வருவாய் 75 கோடி யூரோவைத் தொடும் குழுமங்களுக்கு மட்டும். வியட்நாம் 2024-லேயே தொடங்கியது, மலேசியாவும் சிங்கப்பூரும் 2025-இல். சரி, போட்டி நின்றதா? வியட்நாம் முதலீட்டு ஆதரவு நிதி அமைத்தது, சிங்கப்பூர் முதலீட்டுக்குப் பணமாகவே திருப்பித் தரும் வரிக்கழிவு கொண்டுவந்தது. வரியில் விட்டுக்கொடுத்ததை இனி கஜானாவிலிருந்து கொடுப்பார்கள். சிங்கப்பூருக்குக் கட்டுப்படியாகும், லாவோசுக்கும் கம்போடியாவுக்கும் ஆகுமா? ஆசியான் உட்கார்ந்து பேச வேண்டிய இடம் இதுதான்.

ஜொகூர்வாசி:
நன்றி அக்கா, அண்ணா. எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு விட்டுக்கொடுத்தோம் என்ற கணக்கு எங்காவது கிடைக்குமா?

பினாங்கு கணக்கர்:
2023-இல் வந்த நிதிப் பொறுப்புச் சட்டப்படி வரிச்சலுகைக் கணக்கை அரசு வெளியிட்டாக வேண்டும். நிதியமைச்சின் பட்ஜெட் ஆவணங்களோடு வரும், தேடிப் பார். மொத்தத் தொகைதான் இருக்கும், கம்பெனி வாரியாக இருக்காது. அதையும் போடச் சொல்லி உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுது, நானும் எழுதுகிறேன்.