புதுப்பிப்பு: அப்பாவின் எலிக்விஸ் மாத்திரைக்கு ஏன் 231 டாலர்?

ஜனவரியில் கேட்டிருந்தேன்: அமெரிக்காவில் எங்களோடு இருக்கும் அப்பாவுக்கு மெடிகேர் பார்ட் டி (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் மருந்துகளுக்கான பிரிவு) இருந்தும், ரத்தம் உறையாமல் தடுக்கும் எலிக்விஸுக்கு ஒரு மாதத்துக்கு மருந்துக்கடையில் 231 டாலர் வாங்கிவிட்டார்கள், ஏன் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது கணக்கு புரிந்துவிட்டது.

231 டாலர் என்பது அரசு பேரம் பேசி 2026 முதல் கொண்டுவந்த விலைதான். ஆனால் அப்பாவின் திட்டத்தில் டிடக்டிபிள், அதாவது காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை, 615 டாலர். அது தீரும்வரை முழு விலையும் நம் கையிலிருந்துதான் போகும். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் 231. மார்ச்சில் மிச்சமிருந்த 153 டாலரோடு, அதற்கு மேல் வந்த தொகையில் கால் பங்கு மட்டும். ஏப்ரலிலிருந்து அதே கால் பங்கு, மாதம் சுமார் 58 டாலர். 2026-இல், திட்டம் ஏற்கும் மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு நம் செலவு 2,100 டாலரைத் தொட்டுவிட்டால், அதன்பின் டிசம்பர் வரை ஒன்றும் கட்ட வேண்டாம். மாதப் பிரீமியம் இந்தக் கணக்கில் சேராது. திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருந்தும் சேராது.

அப்புறம் முக்கியமான விஷயம். ஆண்டுத் தொடக்கத்தில் மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் அதை மாதத் தவணையாகப் பிரித்துக் கட்டலாம், வட்டி கிடையாது. செலவு குறையாது, பாரம் பரவும், அவ்வளவுதான். இதற்கு மருந்துக்கடையில் அல்ல, இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் பதிய வேண்டும். ஓய்வூதியத்தை நம்பி வாழ்பவர்களுக்கு இதைக் கவுன்ட்டரிலேயே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். மாத்திரையை வாங்காமல் திரும்பிப் போகிறவர்களை நினைத்தால் மனசு பதறுகிறது.

இன்சுலின் எடுப்பவர்களுக்கு டிடக்டிபிள் தொல்லையே இல்லை. பட்டியலில் உள்ள இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது.