வீடில்லாதவர்களுக்கு மனநல சிகிச்சை: பாதியில் நின்றுபோவதை எப்படித் தடுப்பது?

கேள்வி (முகாம் ஒருங்கிணைப்பாளர்):
வணக்கம். நடைபாதையிலும் இரவுக் காப்பகத்திலும் தங்குகிறவர்களுக்கு வாராந்திர மனநல முகாம் நடத்துகிறோம். முதல் தடவை வந்து மாத்திரை வாங்குகிறார்கள். அடுத்த வாரம் பாதிப் பேரைக் காணோம். வருபவர்களும் மாத்திரை தொலைந்துவிட்டது என்கிறார்கள், அல்லது வேண்டாம் என்கிறார்கள். நோயைப் பற்றிய புரிதல் இல்லாததுதான் காரணமா? எதை முதலில் மாற்றுவது?

மனநலச் செவிலியர்:
அவர்களைக் குறை சொல்லும் முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். அசத்தித் தூங்க வைக்கும் மாத்திரையைத் தெருவில் படுப்பவர் எப்படிப் போடுவார்? அசந்தால் பை போகும், அடி விழும்; பெண்களுக்கு அதைவிட மோசமும் நடக்கும். மறுப்பது தற்காப்பு. எங்கே படுக்கிறார், பக்கத்தில் யார் இருக்கிறார் என்று கேட்ட பிறகே மருந்தை முடிவு செய்யச் சொல்லுங்கள்.

மனநிலை ஏற்ற இறக்க நோய்க்குக் கொடுக்கும் லித்தியத்தில் கூடுதல் கவனம் தேவை. வெயிலில் கிடந்து உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகும். கடும் மனச்சிதைவுக்கான குளோசபின் மாத்திரை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய டோஸை அப்படியே கொடுக்கக் கூடாது, 12.5 மி.கி.யிலிருந்து மறுபடி மெல்ல அளவைக் கூட்ட வேண்டும்.

மனச்சிதைவுக்கு மாதாந்திர ஊசி பலருக்குப் பொருந்தும். பாலிபெரிடோன் என்றால் முதல் நாள் ஒன்று, 8-ம் நாள் ஒன்று, இரண்டும் தோள் தசையில். பிறகு மாதம் ஒன்று. முன்பே அதே வகை மருந்தான ரிஸ்பெரிடோன் மாத்திரை கொடுத்து ஒத்துக்கொள்கிறதா பாருங்கள். கோட்டை விடுவது அந்த 8-ம் நாளைத்தான். நான்கு நாள் முன்பின் ஆகலாம் என்றாலும், முதல் ஊசியன்றே அடுத்து எங்கே சந்திப்பது என்று அவரிடமே கேட்டு எழுதிவையுங்கள். ஒலான்சபின் பாமோயேட் ஊசி வேண்டாம். ஒவ்வொரு தடவையும் 3 மணி நேரம் கண்காணிக்க வேண்டும். எதுவானாலும் சம்மதம் கேட்டுத்தான். "ஊசி போட்டால்தான் காப்பகத்தில் இடம்" என்பது மிரட்டல்.

பொது மருத்துவர்:
அவர்கள் முகாமுக்கு வர வேண்டும் என்பதையே மாற்றுங்கள். நீங்கள் போங்கள்: அதே ஆள், அதே மூலை, அதே நேரம். தொடக்கத்தில் நோய்ப் பேச்சே வேண்டாம். கால் புண்ணைக் கழுவிக் கட்டுங்கள். கட்டி முடிப்பதற்குள் பேச்சு தானாக வரும், கை நடுக்கம், தலையில் பழைய தழும்பு எல்லாம் கண்ணில் படும். தலைக்காயம் இவர்களிடையே மிக அதிகம். அதனால் வரும் மறதியை "ஒத்துழைக்கவில்லை" என்று கோப்பில் எழுதுவது அநியாயம். ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப்போனவரை மனநோய் என்று முடிவு கட்டாதீர்கள். காய்ச்சல், சர்க்கரை, திடீரென்று குடியை நிறுத்தியது என எதுவாகவும் இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

முகாம் ஒருங்கிணைப்பாளர்:
நன்றி. வார்டில் தேறி வெளியே வருபவர் மறுபடி தெருவுக்கே வந்துவிடுகிறாரே, அதற்கு?

சமூகப் பணியாளர்:
வார்டில் இருக்கும்போதே, வெளியே பார்க்கப்போகும் பணியாளர் போய்ப் பழகிவிட வேண்டும். கிரிட்டிக்கல் டைம் இன்டர்வென்ஷன் (இடம் மாறும் நெருக்கடியான காலத்தில் கூட இருந்து கைகொடுப்பது) முறை இதற்கென்றே வந்தது. மொத்தம் 9 மாதம். முதல் மூன்று மாதம் அடிக்கடி நேரில் போவது, அடுத்த மூன்றில் செய்த ஏற்பாடுகள் தாங்குகின்றனவா என்று பார்த்துச் சரிசெய்வது, கடைசி மூன்றில் அக்கம்பக்கத்து மருத்துவர், உறவினர் பொறுப்பில் விட்டு மெல்ல விலகுவது.

குடியை விட்டால்தான் வீடு என்ற நிபந்தனை வேண்டாம். 1992-ல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கிய "முதலில் வீடு" முறை அதைத்தான் எடுத்தெறிந்தது. கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் சுமார் 2,000 பேரிடம் சோதித்தார்கள். வீட்டில் நிலைத்தவர்கள் வழக்கமான முறையைவிட மிக அதிகம். நோய் அறிகுறிகளோ இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தன. எனவே சாவியைக் கொடுத்த கையோடு சிகிச்சைக் குழுவைக் கலைத்துவிடாதீர்கள். நோய் கடுமையாக உள்ளவர்களுக்குப் பத்துப் பேருக்கு ஒரு பணியாளர் என்பது கணக்கு. அதற்கு மேல் சுமத்தினால் முதலில் நின்றுபோவது, பணியாளர் அவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பதுதான்.