புதுப்பிப்பு: கோப்பை விரிசல் நின்றது

நான் செய்யும் மண் கோப்பைகளின் மெருகில் (சுட்டதும் கண்ணாடிபோல் படியும் பூச்சு) மயிரிழை விரிசல் விழுகிறது, மண்பாண்டக் கலைக்கான இணையவழிச் சிறு குழுவில் சேரலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டேன். ஐந்து பேர், புதன்தோறும் இரவு.

முதல் நாளே, உடைந்த துண்டைக் கேமராவுக்கு அருகில் பிடிக்கச் சொன்னார் வழிகாட்டும் அம்மா. சூளைமீது நான் போட்ட பழி வீண். ஆறும்போது மண்ணைவிட மெருகு அதிகமாகச் சுருங்குவதுதான் காரணம். அந்தச் சுருக்கத்தைக் குறைக்க, மெருகுக் கலவையில் சிலிக்காவைச் சிறிது சிறிதாகக் கூட்டி நான்கு சோதனை வில்லைகள் சுட்டேன். நான்காவது சரியாக உருகவில்லை. மூன்றாவதில் மை தடவித் துடைத்துப் பார்த்தேன், ஒரு கோடுகூட இல்லை! காட்பாடியிலிருந்து அந்த அம்மாவுக்கு உடனே படம் அனுப்பினேன்.

இங்கே பக்கத்திலுள்ள கரிகிரி ஊர் மண்பாண்டங்களின் பச்சை மெருகைப் பார்த்து வளர்ந்தவள் நான். அடுத்த புதன் அந்த நிறத்தைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.