அப்பாவின் நிக்கான் லென்ஸ் டிஜிட்டல் கமராவில் ஏன் இப்படிச் செய்கிறது?

கல்லடி வாவி:
வணக்கம். அப்பாவிடம் நிக்கான் எஃப்எம்2 பிலிம் கமரா இருக்கிறது. அதன் 50 மி.மீ. எஃப்1.8 ஏஐ-எஸ் (நிக்கானின் பழைய கைமுறை வகை) லென்ஸை, நான் செகண்ட்ஹேண்டாக வாங்கிய நிக்கான் டி5300 டிஜிட்டல் கமராவில் மாட்டினேன். நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் ‘ஏ’ மோடில் (ஷட்டர் வேகத்தைக் கமராவே தேர்வது) எஃப் எழுத்தும் இரண்டு கோடும் மினுங்குகின்றன, ஷட்டர் விழுவதே இல்லை. ‘எம்’மில் (எல்லாவற்றையும் நாமே வைப்பது) விழுகிறது, வெளிச்சத்தை அளக்கும் மீட்டர்தான் காட்டவில்லை. பின்னேரம் கல்லடிப் பாலத்தடியில் எடுத்த படங்களில் வானம் வெறும் வெள்ளை. அதே இடத்தில் நின்று அப்பா எடுத்த பழைய படத்தில் பாலம் இன்னும் அகலமாகத் தெரிகிறது. லென்ஸ் பழுதாகிவிட்டதா? அப்பாவிடம் கேட்க மனம் வரவில்லை.

பழைய ஸ்டூடியோ:
லென்ஸில் ஒரு பிழையும் இல்லை தம்பி. அப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

எஃப்எம்2இல் லென்ஸ் மாட்டும் வாயைச் சுற்றி ஒரு சிறிய நெம்பு இருக்கும், பாருங்கள். லென்ஸ் வளையத்தில் எந்த அப்பச்சர், அதாவது ஒளி நுழையும் துளையின் அளவு, வைத்திருக்கிறீர்கள் என்று மீட்டருக்குச் சொல்வது அதுதான். டி5300இல் அது கிடையாது. அதைக் கமராவுக்குச் சொல்லும் சிப்பும் இந்த லென்ஸில் இல்லை. அதனால் ‘எம்’ மட்டுமே. அப்பச்சரை லென்ஸ் வளையத்தில் வையுங்கள், ஷட்டர் வேகத்தைக் கமராவில். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அப்பச்சர் எஃப்8, வேகம் 1/500 செக்கன் என்று தொடங்கலாம்.

வானம் வெளுப்பதுதான் முக்கியமான விசயம். நெகட்டிவ் பிலிமில் வெளிச்சம் ஓரிரு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் இரட்டிப்பு) கூடினாலும் பிரிண்ட் போடும்போது வானத்தை மீட்டுவிடலாம். நாங்கள் அந்தக் காலத்தில் துணிந்து கூட்டியே எடுத்தோம். டிஜிட்டல் சென்சர் அப்படியில்லை, வெள்ளை நிரம்பிவிட்டால் அங்கே எடுக்க ஒன்றும் மிஞ்சாது. ஆனால் ரோவில் (சென்சரின் பதிவை அப்படியே வைக்கும் கோப்பு வகை) எடுத்தால் இருண்ட பகுதியைப் பிறகு தூக்கலாம். ஆகவே வானத்துக்குக் கணக்குப் பாருங்கள், பாலம் கொஞ்சம் இருண்டாலும் பரவாயில்லை. படம் பார்க்கும் மெனுவில் ஹைலைட்ஸை இயக்கிவிட்டால் எரிந்த இடம் மினுங்கிக் காட்டும்.

அகலம் குறைவதற்குக் காரணம் சென்சரின் அளவு. பிலிம் சட்டம் 36 x 24 மி.மீ., உங்கள் சென்சர் 23.5 x 15.6. 50 மி.மீ. லென்ஸ் 75 மாதிரிக் காட்டும். ஆட்களை எடுக்க அருமையான அளவு!

கல்லடி வாவி:
பெரிய நன்றி அண்ணன். ‘எம்’மில் வேகத்தைக் கூட்டியதும் முகில் தெரிகிறது. ஆனால் வியூஃபைண்டரில் கூர்மை பிடிபடவில்லை.

பழைய ஸ்டூடியோ:
எஃப்எம்2இல் நடுவட்டத்துக்குள் உருவம் இரண்டாக வெட்டுப்பட்டு நிற்கும், வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒன்றுசேரும். உங்கள் கமராவின் கண்ணாடியில் அந்த வட்டம் இல்லை. லைவ் வியூவில், அதாவது பின்திரையில், பெரிதாக்கிப் பிடியுங்கள். அவசரத்துக்கு, வியூஃபைண்டரின் அடியில் தெரியும் சிறு வட்டப் புள்ளி நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள்.

அக்கரைப்பற்றான்:
மீட்டரும் வேண்டுமென்றால் நிக்கான் டி7000 கமரா பார்க்கலாம். அதில் அந்த நெம்பு இருக்கிறது, ‘ஏ’ மோடும் வேலை செய்யும். ஒன்று கவனம்: 1977இல் ஏஐ (அப்பச்சரை அந்த நெம்பு வழியாகச் சொல்லும் நிக்கான் முறை) வருவதற்கு முந்திய லென்ஸ்களை மாற்றியமைக்காமல் அதில் மாட்டினால் நெம்பு உடையலாம். அப்பாவிடம் வேறு பழைய லென்ஸ் இருந்தால் முதலில் வளையத்தின் பின்விளிம்பைப் படமெடுத்து இங்கே போடுங்கள்.