மறு: குரோ லைட்டுக்குத் தமிழ்ச்சொல் – வளர்விளக்கா, பயிர்விளக்கா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அறைக்குள் வைக்கும் செடிக்கூடாரத்துக்கு எல்இடி பட்டைகளைக் கொண்டு நாமே விளக்கு செய்துகொள்வது பற்றிய கையேட்டுக்காகத்தான் இந்த இழை தொடங்கியது. செடி வளர ஒளி தரும் இந்த விளக்கை, அதாவது ‘குரோ லைட்’டை, வளர்விளக்கு என்பதா பயிர்விளக்கு என்பதா என்பதிலேயே நின்றுவிட்டோம். அதைச் சீக்கிரம் முடித்துவிட்டு அளவுகளுக்குப் போவோம், சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

> எழுதுகோல் சரி என்றால் வளர்விளக்கும் சரிதானே?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘எழுது’ செயப்படுபொருளை ஏற்கும் வினை. கோலைக் கொண்டு எதையோ எழுதுகிறோம். ‘வளர்’ என்றதும் காதில் விழுவது தன்வினை. வளர்பிறையில் வளர்வது பிறை, வளர்தமிழில் வளர்வது தமிழ். வளர்விளக்கு என்றால் விளக்கே வளர்வதாகிவிடும். ‘வளர்ப்பு விளக்கு’ என்று மாற்றினால் வளர்ப்பு மகன், வளர்ப்பு நாய் வரிசையில் போய் நிற்கிறது. தெருவிளக்கு, மேசைவிளக்கு போலப் பெயரோடு பெயர் சேர்த்துப் ‘பயிர்விளக்கு’ என்பதே தெளிவு. தொட்டிக் கீரையும் நாற்றும் பயிர்தானே. கூடாரமும் பயிர்க்கூடாரம் ஆகட்டும்.

இனி அளவுகள். பட்டை வாங்கப் போகிறவர் அட்டையில் லூமனைப் பார்க்கிறார். லூமன் மனிதக் கண்ணுக்கான அளவு. பகல் வெளிச்சத்தில் நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே, அதாவது பச்சையில், மிகக் கூர்மையாகப் பார்க்கும். 450 நீலத்துக்கும் 660 சிவப்புக்கும் அது தரும் மதிப்பு மிகக் குறைவு. செடிக்கோ அந்த இரண்டும் நன்றாகப் பயன்படும். 660 சிவப்பு எல்இடி லூமன் கணக்கில் ஏழையாகத் தெரியக் காரணம் இதுதான். செடிக்கு வேண்டியது ஒளியன்களின் (ஒளித்துகள்கள், ஃபோட்டான்) எண்ணிக்கை. 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியன்களை எண்ணுவதே வழக்கம். தாவர ஆய்வாளர் மெக்கிரீ பல பயிர்களில் அளந்து 1972இல் வெளியிட்ட முடிவுகள் இந்த எல்லைக்கு வலுவான அடிப்படையாக இருக்கின்றன.

இந்த ஒளிக்குப் ‘பயிரொளி’ என்று பெயர் வைக்கலாம் என்பது என் முதன்மையான பரிந்துரை. இந்த இழையில் முன்பு வந்த ‘ஒளிச்சேர்க்கைசார் செயலூக்கக் கதிர்வீச்சு’ பிழையில்லை. ஆனால் அதன்மேல் இன்னொரு சொல்லை ஏற்றினால் வாக்கியம் நகராது. இன்னொரு வசதியும் உண்டு: 700க்கு அப்பால் 750 வரையுள்ள தொலைச்சிவப்பையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்ற வாதம் ஆய்வாளரிடையே இருக்கிறது. நாளை எல்லை நகர்ந்தாலும் பயிரொளி என்ற பெயர் அப்படியே நிற்கும்.

விளக்கிலிருந்து ஒரு நொடிக்கு வெளிவருவது ‘பயிரொளி உமிழ்வு’. இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என நினைக்கிறேன். இலைமட்டத்தில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் (ஒளியன்களை எண்ணும் அலகு) விழுகிறது என்ற அளவுக்கு என்ன பெயர் என்பதுதான் தகராறு.

> பயிரொளிச் செறிவு என்று வைத்தால் போதாதா?

போதாது. கேண்டெலா என்ற அலகில் அளப்பதை ஒளிச்செறிவு என்றே பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். அதே சொல்லை இங்கும் வைத்தால் குழப்பம் வரும். படுகதிர், படுகோணம் இரண்டும் பாடநூலில் வேரூன்றிய சொற்கள். அந்தப் ‘படு’வை எடுத்துப் ‘பயிரொளிப் படுவீதம்’ எனலாம். உச்சி வெயிலில் இது சுமார் 2000. நாற்றுக்கு 100 முதல் 200, லெட்டூஸ் போன்ற இலைப்பயிருக்கு 200 முதல் 250 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு முழுநாளில் சேர்வது ‘பயிரொளி நாள்வரவு’. படுவீதம் 250, விளக்கு எரிவது 16 மணி நேரம் என்றால் நாள்வரவு சதுர மீட்டருக்கு 14.4 மோல் (ஒரு மோல் பத்து லட்சம் மைக்ரோமோல்).

சொற்கள் வேலை செய்கின்றனவா என்று ஒரு கணக்கில் போட்டுப் பார்த்தேன். 60 சென்டிமீட்டர் சதுரமான பயிர்க்கூடாரத்தின் பரப்பு 0.36 சதுர மீட்டர். படுவீதம் 250 வேண்டுமென்றால் நொடிக்கு 90 மைக்ரோமோல் இலைமேல் விழவேண்டும். உமிழ்வில் ஐந்தில் ஒரு பங்கு சுவரில் போய்விடும் என்று கொண்டால் உமிழ்வு 112.5 இருக்கவேண்டும். பட்டை ஒரு ஜூல் மின்னாற்றலுக்கு 2.5 மைக்ரோமோல் தருமானால் 45 வாட் போதும். உமிழ்வும் படுவீதமும் தனித்தனிச் சொல்லாக இருப்பதால்தான் அந்த ஐந்தில் ஒரு பங்கு கண்ணில் படுகிறது.

அப்புறம், டிரைவர், அதாவது பட்டைக்கு ஏற்ற மின்சாரத்தைச் சீராகக் கொடுக்கும் கருவி. ‘இயக்கி’ வேண்டாம், அது ஏற்கெனவே மென்பொருளில் இருக்கிறது. இங்கே பெயரிலேயே வேறுபாடு தெரிந்தாகவேண்டும். சுருளாக வரும் வளையும் பட்டைகளில் பெரும்பாலும் மின்தடையங்கள் இருக்கும். அவற்றுக்கு 12 அல்லது 24 வோல்ட் மாறாமல் கிடைத்தால் போதும். மின்தடையமில்லாத விறைப்பான பட்டைகள் வேறு வகை. எல்இடி சூடேறச் சூடேற அதன் முன்னோக்கு மின்னழுத்தம் (எரிய அதற்கு வேண்டிய அழுத்தம்) குறையும். இந்த விறைப்பான பட்டைக்கு அழுத்தத்தை மட்டும் நிலையாகக் கொடுத்தால் மின்னோட்டம் ஏறும், இன்னும் சூடாகும், கடைசியில் கருகும். ஆகவே ‘ஓட்டச் சீராக்கி’, ‘அழுத்தச் சீராக்கி’ என்று இரண்டு சொற்கள். வாங்குகிறவர் பெயரைப் படித்தாலே எதை எதோடு இணைப்பது என்று தெரியவேண்டும்.

பட்டையை ஒட்டும் அலுமினியச் சட்டத்துக்கு ‘வெப்பத்தணிப்பி’ என்று வந்ததை அப்படியே ஏற்கிறேன்.

நாள்வரவு மட்டும் எனக்கு முழு நிறைவாக இல்லை. ‘நாளொளி’ என்று சுருக்கினால் பகல்வெளிச்சம் என்று படிப்பார்கள். இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். மற்றவற்றை வைத்துக் கையேட்டின் மின்னிணைப்புப் பகுதியைத் திருத்தத் தொடங்குகிறேன்.

அன்புடன்